முதல் பிறந்தநாளுக்கு முன்: அயல்நாட்டில் பிறக்கும் குழந்தையும் இந்திய பாஸ்போர்ட்டும்

வெளிநாட்டில் வேலை பார்க்கும் தம்பதிக்குக் குழந்தை பிறந்தால், ஊரிலிருந்து போனில் வரும் முதல் கேள்வி "பேர் என்ன வெச்சிருக்கீங்க?" இரண்டாவது, "பாஸ்போர்ட் எடுத்தாச்சா?" குலதெய்வம் கோயிலில் மொட்டையடிக்க வேண்டும், மாமா மடியில் வைத்துக் காது குத்த வேண்டும். அதற்கு விமானம் ஏற வேண்டும், விமானம் ஏற ஒரு சிறு புத்தகம் வேண்டும். அதனால் பெரும்பாலோர் இதை டிக்கெட் எடுப்பதோடு சேர்ந்த ஒரு பயண வேலையாகவே பார்க்கிறார்கள். எந்தப் படிவம், எத்தனை போட்டோ, எவ்வளவு பணம், எத்தனை நாளில் வரும் என்றுதான் விசாரிக்கிறார்கள். இவற்றுக்கு முந்திய கேள்வி ஒன்றை யாரும் கேட்பதில்லை: இந்தக் குழந்தை எந்த நாட்டின் குடிமகள்?

"அப்பாவும் இந்தியர், அம்மாவும் இந்தியர். பிள்ளை மட்டும் வேறென்னவாக இருக்கும்?" என்று நினைப்பது இயல்பு. சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2004 டிசம்பர் 3ஆம் தேதியோ அதற்குப் பிறகோ இந்தியாவுக்கு வெளியே பிறந்த குழந்தை, அதன் பிறப்பு ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்திலோ துணைத் தூதரகத்திலோ பதிவு செய்யப்பட்டால்தான் வம்சாவளி வழியில் இந்தியக் குடிமகன் ஆகும். ஓராண்டு தாண்டிவிட்டால் மத்திய அரசின் அனுமதியோடுதான் பதிய முடியும். பதியாவிட்டால், பெற்றோர் இருவரும் இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அந்தக் குழந்தை இந்தியர் இல்லை. பாஸ்போர்ட் என்பது இதற்கு அடுத்த படிதான்.

1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு இந்த இடத்துக்கு ஒரே நாளில் வந்து சேரவில்லை. தொடக்கத்தில் அது தந்தையை மட்டுமே பார்த்தது. இந்தியப் பெண் ஒருத்தி அயல்நாட்டவரை மணந்து அங்கேயே பிள்ளை பெற்றால், அந்தப் பிள்ளைக்குத் தாய்வழியில் எதுவும் கிடைக்காது. 1992ஆம் ஆண்டுத் திருத்தம் அதை மாற்றியது. அந்த ஆண்டு டிசம்பர் 10 முதல் தாயோ தந்தையோ ஒருவர் இந்தியராக இருந்தால் போதும் என்றானது. நியாயமான திருத்தம், முப்பத்தேழு ஆண்டு தாமதம். பிறகு 2003ஆம் ஆண்டுத் திருத்தம் வந்தது. வெளிநாட்டு இந்தியக் குடிமக்கள் என்ற ஓசிஐ ஏற்பாட்டைக் கொண்டுவந்ததும் இதே திருத்தம்தான். அந்த ஏற்பாட்டைப் பற்றி நாடே பேசியது. பிறப்புப் பதிவைக் குடியுரிமையின் நிபந்தனையாக்கிய சில வரிகளை அதிகம் பேர் கவனிக்கவில்லை. அதற்கு முன்பும் இத்தகைய பதிவு இருந்தது. தந்தையே வம்சாவளி வழியில் மட்டும் குடிமகனாக இருந்தால் அவருடைய பிள்ளைக்கு அது தேவைப்பட்டது. 2004க்குப் பிறகு மதுரையில் பிறந்து துபாய்க்குப் போனவரின் பிள்ளைக்கும் அது கட்டாயமாகிவிட்டது.

பாஸ்போர்ட்டின் கதையும் இதேபோல மாறியது. ஒரு காலத்தில் கைக்குழந்தைக்குத் தனிப் புத்தகமே கிடையாது. தாயின் பாஸ்போர்ட்டில் பிள்ளைகளின் பெயரையும் பிறந்த தேதியையும் எழுதி முத்திரை குத்திவிடுவார்கள். மலேயா, சிங்கப்பூர், இலங்கை என்று போய்வந்த பழைய குடும்பங்களின் பெட்டிகளில் அப்படிப்பட்ட புத்தகங்கள் இன்னும் இருக்கும். இயந்திரம் படிக்கும் பாஸ்போர்ட்டுகள் வந்தபோது, ஆளுக்கொரு பாஸ்போர்ட் என்ற விதியைச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வலியுறுத்தியது. கையால் எழுதிய பாஸ்போர்ட்டுகளுக்கு 2015 நவம்பர் 24 கடைசி நாள் என்றும் அது குறித்தது. பிறந்து பத்து நாள் ஆன சிசுவுக்கும் தனிப் புத்தகம், தனிப் படம், தனிக் கைரேகை என்பது இப்படி வந்த ஏற்பாடு. குழந்தைக் கடத்தலைத் தடுக்க அது உதவுகிறது. அந்த அளவில் நல்லதுதான்.

பிறந்த நாடு எது?

இந்தியச் சட்டம் ஒன்றுதான். குழந்தை எங்கே பிறந்தது என்பதைப் பொறுத்து அது வெவ்வேறு விதமாகக் கடிக்கிறது.

அமெரிக்காவில் பிறந்தால் அந்நாட்டு அரசமைப்பின் 14ஆவது திருத்தப்படி அமெரிக்கக் குடியுரிமை கிடைக்கும் என்பதுதான் இதுவரை நடைமுறை. எனவே அங்குள்ள தமிழ்ப் பெற்றோர் பெரும்பாலும் அமெரிக்க பாஸ்போர்ட் எடுத்துவிட்டுப் பிள்ளைக்கு ஓசிஐ அட்டை வாங்குகிறார்கள். "இந்திய பாஸ்போர்ட்டே எடுக்கலாமே" என்று நினைப்பவர்களும் உண்டு. விதி அதைத் தடுக்கவில்லை. பிறப்பைப் பதியும்போது, குழந்தையிடம் வேறு நாட்டு பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் எழுதிக் கொடுத்தால் போதும். ஆனால் அமெரிக்கக் குடிமக்கள் அமெரிக்க பாஸ்போர்ட்டில்தான் அந்நாட்டுக்குள் நுழையவும் வெளியேறவும் வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். குடிமகனுக்கு விசாவும் தரமாட்டார்கள். இந்திய பாஸ்போர்ட்டில் ஊருக்கு வந்த பிள்ளை திரும்பிப் போவது சிக்கலாகிவிடும்.

இங்கே ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும். இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது என்று எல்லோரும் சொல்கிறோம். ஆனால் 4ஆம் பிரிவின் ஓர் உட்பிரிவு, வம்சாவளி வழியில் இந்தியராகி வேறு நாட்டுக் குடியுரிமையும் கொண்டிருக்கும் பிள்ளை, 18 வயது முடிந்த ஆறு மாதத்துக்குள் அந்த வேறு குடியுரிமையைத் துறக்காவிட்டால் இந்தியக் குடியுரிமையை இழப்பார் என்கிறது. அப்படியானால் 18 வயது வரை இரண்டும் இருக்கலாம் என்றுதானே பொருள்? இரண்டு பாஸ்போர்ட் கூடாது, அவ்வளவே. சட்டத்தில் இப்படி ஒரு சந்து இருப்பது பல பெற்றோருக்குத் தெரியாது. தெரிந்தாலும் நடைமுறையில் பயன் குறைவு.

ஜெர்மனியில் 2024 ஜூன் 27 முதல், பெற்றோரில் ஒருவர் ஐந்தாண்டு சட்டப்படி வசித்து நிரந்தர வசிப்புரிமையும் பெற்றிருந்தால் அங்கே பிறக்கும் குழந்தை ஜெர்மானியர். அதற்கு முன் எட்டாண்டு. முனிச்சிலும் ஸ்டுட்கார்ட்டிலும் கணினி, கார் நிறுவனங்களில் இருக்கும் நம்மவர்கள் இப்போது அமெரிக்கத் தமிழரைப் போலவே யோசிக்க வேண்டியிருக்கிறது.

பிரிட்டனின் கதை வேறு. 1983 ஜனவரி 1 முதல் அங்கே பிறந்துவிட்டால் மட்டும் பிரிட்டிஷ் குடியுரிமை வராது. பெற்றோரில் ஒருவர் குடிமகனாகவோ நிரந்தரமாகத் தங்கியவராகவோ இருக்க வேண்டும். வேலை விசாவிலோ மாணவர் விசாவிலோ இருக்கும் இந்தியத் தம்பதியின் குழந்தை பிரிட்டிஷ் அல்ல. இந்தியத் தூதரகத்தில் பதியாவிட்டால் இந்தியரும் அல்ல. அப்போது அந்தக் குழந்தை யார்? 2017இல் லண்டன் உயர் நீதிமன்றத்துக்கு இந்தக் கேள்வி போனது. பிரிட்டனில் பிறந்து, பிறப்பு இந்தியத் தரப்பில் பதியப்படாத ஒரு சிறுமியின் வழக்கு. நாடற்றவராகப் பிறந்து ஐந்தாண்டு பிரிட்டனில் வாழ்ந்த பிள்ளைக்குக் குடியுரிமை தரும் விதி அந்நாட்டில் உண்டு. பெற்றோர் பதிந்திருந்தால் அவள் இந்தியராகியிருப்பாளே என்பது பிரிட்டிஷ் உள்துறையின் வாதம். நீதிபதி இந்தியச் சட்டத்தைப் பிரித்துப் படித்தார். பதிவு வெறும் சடங்கு இல்லை, பதிவுதான் குடியுரிமையை உண்டாக்குகிறது, பதியாத குழந்தை இந்தியர் அல்ல, எனவே அவள் நாடற்றவளே என்று தீர்ப்பளித்தார்.

இந்தத் தீர்ப்புக்குப் பிறகு, வேண்டுமென்றே பதியாமல் விட்டுப் பிள்ளைக்கு பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கலாம் என்ற யோசனை வழக்கறிஞர் அலுவலகங்களில் உலவியது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சும்மா இருக்குமா? 2022இல் கொண்டுவந்த குடியுரிமை, எல்லைகள் சட்டத்தில், பெற்றோரின் நாட்டுக் குடியுரிமையை நியாயமாகப் பெற வழியிருந்தால் இந்தச் சலுகை கிடையாது என்று கதவைச் சாத்திவிட்டது. நமக்கு இதில் முக்கியம், இந்தியப் பிரிவு 4 தன்னளவில் நாடற்ற குழந்தைகளை உண்டாக்கும் தன்மையுடையது என்பதை அயல்நாட்டு நீதிமன்றம் ஒன்று எழுத்தில் பதிந்திருக்கிறது என்பதுதான். பிறந்து ஓராண்டுகூட ஆகாத ஒரு சிசுவின் நாட்டைப் பெற்றோரின் நினைவாற்றலிடம் ஒப்படைப்பது நல்ல சட்டம் அல்ல என்பது என் கருத்து.

வளைகுடா நாடுகளிலும் சிங்கப்பூரிலும் வேறு குடியுரிமைக்கான வாய்ப்பே இல்லை. அங்கே இந்தியப் பதிவும் பாஸ்போர்ட்டும்தான் ஒரே ஆதாரம். கடிகாரமும் இரண்டு ஓடும். இந்தியச் சட்டம் தரும் ஓராண்டு ஒன்று. அந்நாடு தரும் சில வாரங்களோ மாதங்களோ இன்னொன்று. ஐக்கிய அரபு அமீரகத்தில் பிறந்த 120 நாளுக்குள் குழந்தைக்கு வசிப்பு விசா போட வேண்டும்; தவறினால் நாளுக்கு இவ்வளவு என்று அபராதம். சிங்கப்பூரில் 42 நாளுக்குள் பிறப்பைப் பதிந்து, குழந்தை தங்குவதற்கான அனுமதிக்கும் ஏற்பாடு செய்ய வேண்டும். விசா போட பாஸ்போர்ட் வேண்டும், பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். பிரசவ விடுப்பில் இருக்கும் தாயும் வேலைக்கு ஓடும் தந்தையுமாக இந்த வரிசையைப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

கவுன்டரில் நடப்பது

பிறப்புப் பதிவுக்கு உள்துறை அமைச்சகத்தின் குடியுரிமை இணையதளத்தில் முதலாம் படிவத்தை நிரப்பி அச்செடுக்க வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் பாஸ்போர்ட் சேவா தளம். பல ஊர்களில் இரண்டையும் ஒரே நாளில் கொடுத்துவிடலாம். விண்ணப்பத்தை வாங்குவது பெரும்பாலும் தூதரக ஊழியர் அல்ல, ஒப்பந்தம் எடுத்த தனியார் நிறுவனத்தின் ஆள். அவர் சரிபார்ப்புப் பட்டியலை வைத்துக்கொண்டு டிக் அடிப்பவர். சட்டம் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், பெற்றோர் இருவரின் பாஸ்போர்ட், விசா நகல், திருமணச் சான்றிதழ், வேறு பாஸ்போர்ட் இல்லை என்ற உறுதிமொழி ஆகியவை அடிப்படை. இதற்கு மேல் ஒவ்வொரு தூதரகமும் தன் வழக்கப்படி ஒன்றிரண்டு கூடக் கேட்கும். ஆகவே நண்பர் வேறு நாட்டில் கொடுத்த காகிதங்களின் பட்டியலை நம்பிப் போகக் கூடாது.

தமிழர்களுக்கென்றே வரும் தலைவலி பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ரா. செந்தில்குமார் என்றால் ராமசாமியின் மகன் செந்தில்குமார். பாஸ்போர்ட்டிலோ இனிஷியலுக்கு இடமில்லை. விரித்து எழுத வேண்டும். ஒருவர் 'ராமசாமி' என்பதைக் குடும்பப் பெயர் கட்டத்தில் எழுதியிருப்பார். இன்னொருவர் முழுப்பெயரையும் ஒரே கட்டத்தில் அடைத்துவிட்டு மற்றதைக் காலியாக விட்டிருப்பார். இப்படிக் காலியாக விட்டவர்களின் அமெரிக்க விசாவில் 'முதற்பெயர் தெரியாது' என்பதன் ஆங்கிலச் சுருக்கமான எஃப்.என்.யு. வந்து உட்கார்ந்துகொள்ளும். இப்போது குழந்தை பிறக்கிறது. ஆஸ்பத்திரி ஊழியர் தந்தையின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று உள்ளதைக் குழந்தைக்கும் போட்டுவிடுகிறார். தாத்தாவின் பெயர் பேத்திக்குக் குடும்பப் பெயர் ஆகிறது. ஆகட்டும், பரவாயில்லை. ஆனால் அதே வீட்டில் பிறக்கும் இரண்டாவது பிள்ளைக்குத் தந்தையின் பெயரைப் போட்டால் அக்காவும் தம்பியும் காகிதத்தில் வெவ்வேறு குடும்பம். 2022 நவம்பர் 21 முதல், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் சுற்றுலா, வருகை விசாவில் வருவோரை அனுமதிப்பதில்லை என்று அமீரகம் அறிவித்தபோது தமிழ்நாட்டு விமான நிலையங்களில் பதற்றம் கிளம்பியது. பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது. குழந்தைக்கு முதல் விண்ணப்பத்திலேயே இரண்டு கட்டத்தையும் நிரப்பிவிடுவது புத்திசாலித்தனம்.

வளைகுடாவில் இதோடு அரபு எழுத்தும் சேர்ந்துகொள்கிறது. அரபியில் 'ப' ஒலிக்கு எழுத்து இல்லை. அதற்கு அடுத்த மெல்லொலியைத்தான் போடுவார்கள். பழனியப்பன் அரபிக்குப் போய் ஆங்கிலத்துக்குத் திரும்பினால் முதல் எழுத்தே மாறிவிடும். கயல்விழியின் 'ழ' என்ன ஆகும் என்பது டைப்பிங் சென்டர்காரரின் கருணை. பெற்றோர் பெயர் அவர்களுடைய பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழை வாங்கிய இடத்திலேயே நின்று படித்துப் பார்த்துப் பிழையிருந்தால் அன்றே திருத்திவிட வேண்டும். அயல்நாட்டுச் சான்றிதழில் உள்ள பிழையைத் தூதரகம் திருத்தித் தராது. மூலத்தைத் திருத்திக்கொண்டு வா என்றுதான் சொல்லும்.

போட்டோ எடுப்பது தனிக் கூத்து. பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டும், கண் திறந்திருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், முகம் நேராகப் பார்க்க வேண்டும், தாங்கிப் பிடிக்கும் கை படத்தில் தெரியக் கூடாது. கழுத்து நிற்காத ஒரு மாதக் குழந்தையிடம் இவ்வளவும் எதிர்பார்க்கிறார்கள். வெள்ளை விரிப்பில் மல்லாக்கப் படுக்கவைத்து, மேலிருந்து, ஜன்னல் வெளிச்சத்தில், பால் குடித்து முழித்திருக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் எடுப்பதே வழி. ஃபிளாஷ் போட்டால் காதுக்குப் பின்னால் நிழல் விழும், படம் திரும்பி வரும். அடுத்தது கைரேகை. கையெழுத்துக் கட்டத்துக்குள் பெருவிரல் பதிய வேண்டும், கோட்டைத் தொடக் கூடாது. குழந்தை இறுக மூடிய முஷ்டியைத் திறக்காது. திறந்தால் மைப் பேடை அப்படியே பிடித்துக்கொள்ளும். தூங்கும்போது பதிவதுதான் எல்லாத் தாய்மாரும் கண்டுபிடித்த உத்தி.

இரண்டு கையெழுத்து

சிறாருக்கு பாஸ்போர்ட் கொடுக்கப் பெற்றோர் இருவரின் சம்மதம் வேண்டும். இணைப்பு டி என்ற உறுதிமொழியில் இருவரும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் சம்மதம் தராவிட்டாலோ கிடைக்காவிட்டாலோ, காரணத்தைச் சொல்லி மற்றவர் மட்டும் இணைப்பு சி கொடுக்கலாம். அமெரிக்காவிலும் 16 வயதுக்குக் கீழே இருவரும் நேரில் வர வேண்டும், அல்லது வராதவர் நோட்டரி முன் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். ஒரு பெற்றோர் மற்றவருக்குத் தெரியாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாடு கடந்துவிடக் கூடாது என்பதே நோக்கம். அப்படிக் கொண்டுபோன பிள்ளையைத் திருப்பி அனுப்ப வழிசெய்யும் 1980ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. ஆகவே இந்தியருடைய பிள்ளை என்றால் சில நாடுகளின் நீதிமன்றங்கள் கூடுதலாகவே யோசிக்கின்றன.

நோக்கம் சரிதான். ஆனால் கணவன் விட்டுவிட்டுப் போன பெண், அடி தாங்காமல் தனியே வந்துவிட்ட பெண், இவர்களுக்கு அந்த இரண்டாவது கையெழுத்தே விலங்கு. பாஸ்போர்ட்டைத் தராமல் வைத்துக்கொள்வதும், பிள்ளையின் படிவத்தில் கையெழுத்திட மறுப்பதும் அயல்நாட்டில் மனைவியை அடக்கிவைக்கும் வழிகளாக இருப்பது குடும்ப வழக்கு நடத்துவோருக்குத் தெரியும். 2016 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம், தனித்து வாழும் தாயின் பிள்ளைக்குத் தந்தை பெயரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. அதே ஆண்டு டிசம்பரில் வெளியுறவு அமைச்சகம் விதிகளைத் தளர்த்தியது. பெற்றோரில் ஒருவர் பெயர் போதும், இணைப்புகள் பதினைந்திலிருந்து ஒன்பதாகக் குறையும், நோட்டரி வேண்டாம் வெள்ளைத்தாள் போதும், திருமணச் சான்றிதழ் கட்டாயமில்லை என்றெல்லாம் அறிவித்தது. விதி டெல்லியில் மாறியதே தவிர, அயல்நாட்டுக் கவுன்டர்களில் திருமணச் சான்றிதழைக் கேட்கும் பழக்கம் போகவில்லை. கேட்டால், சட்டத்தைச் சொல்லி எழுத்தில் பதில் வாங்க உரிமை உண்டு.

தமிழ்நாட்டில் இன்னும் பரவலானது இதன் மறுபக்கம். கணவன் வளைகுடாவில், சம்பளம் குடும்ப விசாவுக்குப் போதாது, மனைவி ஊரில் பிள்ளை பெறுகிறாள். பிள்ளையின் விண்ணப்பம் ராமநாதபுரத்திலோ தஞ்சாவூரிலோ போகிறது. அப்போது வெளிநாட்டில் இருக்கும் தந்தை தூதரகத்துக்குப் போய்ப் பிரமாணப் பத்திரத்துக்குச் சான்றொப்பம் வாங்கி அனுப்ப வேண்டும். ஊரில் இருக்கும் தாய் இணைப்பு டி தர வேண்டும். பாலைவனத்தில் நகரத்திலிருந்து பல மணி நேரம் தள்ளி இருக்கும் கட்டுமான முகாமிலிருந்து ஒரு வேலை நாளை விட்டுவிட்டுத் தூதரகம் போவது சின்ன விஷயம் அல்ல. சம்பளம் பிடிப்பார்கள்.

காகிதமே இல்லாதவர்கள்

இந்த விஷயத்தில் உண்மையில் அடிபடுகிறவர்கள் இவர்கள்தான். வளைகுடாவில் ஆஸ்பத்திரியில் பிரசவம் என்றாலே திருமணச் சான்றிதழ் கேட்பார்கள். அது தமிழ்நாட்டில் பதிந்ததாக இருக்க வேண்டும். தலைமைச் செயலகத்திலும் வெளியுறவு அமைச்சகத்திலும் அந்நாட்டுத் தூதரகத்திலும் சான்றொப்பம் பெற்றிருக்க வேண்டும். கட்டாயத் திருமணப் பதிவுச் சட்டம் நம் மாநிலத்தில் 2009இல்தான் வந்தது. கோயில் ரசீதும் கல்யாணப் பத்திரிகையும் மட்டும் வைத்திருப்பவர்கள் பலர். இகாமா என்ற வசிப்பு அனுமதி முடிந்தவர்கள், கம்பெனி மூடிப்போய் ஸ்பான்சர் இல்லாமல் தங்கிவிட்டவர்கள், முதலாளி வீட்டிலிருந்து ஓடிவந்த வீட்டு வேலைப் பெண்கள், இவர்கள் அரசு ஆஸ்பத்திரிக்குப் போகவே பயப்படுவார்கள். அறைக்குள் பிரசவம் ஆன குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. சான்றிதழ் இல்லாததால் தூதரகப் பதிவும் பாஸ்போர்ட்டும் கிடையாது, பள்ளிக்கூடமும் தடுப்பூசி அட்டையும் கிடையாது. மணமாகாமல் பிள்ளை பெறுவது அங்கே நெடுங்காலம் சிறைக்குரிய குற்றமாக இருந்தது. அமீரகத்தில் 2022 முதல் அது ஓரளவு தளர்ந்தது; மற்ற இடங்களில் இன்னும் பயம் பயம்தான்.

பொது மன்னிப்பு அறிவிக்கும்போதுதான் இந்தக் குழந்தைகள் வெளிச்சத்துக்கு வருகிறார்கள். 2024 செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 31 வரை அமீரகம் நடத்திய பொது மன்னிப்பில், பிறந்தும் விசா பதியப்படாத குழந்தைகளுக்கும் இடம் இருந்தது. அப்படிப்பட்டவர்களுக்கு ஊர் திரும்பத் தூதரகம் அவசரச் சான்றிதழ் கொடுக்கிறது. தொழிலாளர்கள் 'அவுட் பாஸ்' என்பது அதைத்தான். ஒருவழிப் பயணத்துக்கு மட்டும் அது செல்லும். அபராதத்துக்கும் டிக்கெட்டுக்கும் வழக்குச் செலவுக்கும், 2009இல் தொடங்கிய இந்தியச் சமூக நல நிதி தூதரகங்களிடம் இருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும்.

ஊர் திரும்பிய பிறகு இன்னொரு குழி காத்திருக்கிறது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளையுடன் குடியேற வந்தவர்கள், வந்த 60 நாளுக்குள் இங்கேயே பிறப்பைப் பதியலாம் என்று 1969ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் சொல்கிறது. நகராட்சியில் போய்ப் பதிந்து சான்றிதழும் வாங்கிவிட்டு, வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருப்பவர்கள் உண்டு. அது பிறப்புக்கான சான்று மட்டுமே. குடியுரிமைச் சட்டம் கேட்பது தூதரகப் பதிவை. பள்ளி முடித்து பாஸ்போர்ட்டுக்குப் போகும் நாளில்தான் வித்தியாசம் தெரியவரும்.

பெற்றோர் குடியுரிமை மாறினால்

சிங்கப்பூரில் 1999இல் பிறந்த ஒரு தமிழ் இளைஞரின் வழக்கு இதற்குப் பாடம். அவர் தாயின் வயிற்றில் ஏழரை மாதச் சிசுவாக இருந்தபோது, 1998 டிசம்பரில், பெற்றோர் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றார்கள். 18 வயதானதும் அவர் இந்தியக் குடியுரிமையை மீண்டும் கேட்டார். குடியுரிமையைத் துறந்தவரின் பிள்ளை, வயதுக்கு வந்த ஓராண்டுக்குள் அதை மீட்கலாம் என்ற 8ஆம் பிரிவுதான் அவர் பிடித்த கிளை. கருவில் இருந்தபோதே தனக்கு இந்தியக் குடியுரிமை இருந்தது என்பது வாதம். சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றது. உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 18 அன்று அதை ரத்து செய்தது. அயல்நாட்டுக் குடியுரிமை பெற்றவுடன் இந்தியக் குடியுரிமை 9ஆம் பிரிவின்படி தானாகவே போய்விடுகிறது, அது 8ஆம் பிரிவு சொல்லும் துறத்தல் அல்ல, எனவே மீட்கும் உரிமையும் இல்லை என்றது. உணர்ச்சிக்கு இடம் தராத தீர்ப்பு. சட்டத்தின் சொற்களை வைத்துப் பார்த்தால் தவறென்று சொல்ல முடியவில்லை.

அயல்நாட்டு பாஸ்போர்ட் உள்ள பிள்ளைக்கு ஓசிஐ அட்டை போதும் என்று நினைப்போர் அதன் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். வாழ்நாள் விசா அது. ஓட்டு இல்லை, விவசாய நிலம் வாங்க முடியாது. 20 வயது வரை ஒவ்வொரு புது பாஸ்போர்ட்டுக்கும் படத்தையும் விவரத்தையும் இணையத்தில் ஏற்ற வேண்டும், 20க்குப் பிறகு ஒருமுறை அட்டையையே மாற்ற வேண்டும்.

இந்திய பாஸ்போர்ட் எடுத்தவர்களுக்கோ, சிறார் புத்தகம் ஐந்தாண்டோ 18 வயதோ எது முந்தியோ அதுவரைதான். 15 முதல் 18 வயதுக்குள் இருப்பவர் விரும்பினால் பத்தாண்டுப் புத்தகம் கேட்கலாம். பல நாடுகள் ஆறு மாதச் செல்லுபடி கேட்பதால், கையில் இருப்பது உண்மையில் நாலரை ஆண்டுதான்.

மற்றத் தமிழர்கள்

இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்திலும் இதே ஓராண்டுப் பதிவு உண்டு. அங்கும் நெடுநாள் தந்தைவழி மட்டுமே. 2003இல்தான் தாய்வழியும் சேர்ந்தது. 1983க்குப் பிறகு தமிழ்நாட்டு அகதி முகாம்களில் பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ்நாடே அயல்நாடு. அவர்களுடைய பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர் ஆணையத்தில் பதியவைக்க, ஒஃபர் என்று அறியப்படும் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் ஆண்டுக்கணக்கில் உழைத்தது. இதற்கிடையே, மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்திய பாஸ்போர்ட் தரச் சொல்லி 2022 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் யாராயினும் இந்தியக் குடிமகன் என்ற பழைய விதியே காரணம். அந்தத் தேதிக்குப் பிறகு பிறந்திருந்தால் அவர் கை வெறுங்கை. மலேசியாவில், வெளிநாட்டில் பிள்ளை பெற்ற மலேசியத் தாய்மாருக்குத் தந்தையருக்குள்ள உரிமை இல்லாதிருந்தது. அதைச் சரிசெய்யும் அரசமைப்புத் திருத்தம் 2024இல் நிறைவேறியது.

இவற்றையெல்லாம் ஒருசேரப் பார்த்தால், பதிவு வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடு இல்லை. யார் குடிமகன் என்று அரசுக்குத் தெரிய வேண்டும். ஆனால் பதிவு குடியுரிமைக்குச் சான்றாக இருக்க வேண்டுமே ஒழிய நிபந்தனையாக இருக்கக் கூடாது. அதை மாற்ற நாடாளுமன்றம் தயங்கினால், ஓராண்டு என்பதைக் குறைந்தபட்சம் 18 வயது வரை என்று நீட்டலாம். காலம் கடந்த விண்ணப்பங்களில் முடிவெடுக்கும் அதிகாரத்தை டெல்லியிலிருந்து தூதரகங்களுக்குத் தரலாம். தொழிலாளர் முகாம்களுக்கு மாதம் ஒருமுறை போகும் தூதரக முகாமில் பாஸ்போர்ட் புதுப்பிப்போடு பிறப்புப் பதிவையும் சேர்க்கலாம். ஆண்டுதோறும் ஜனவரி 12இல் அயலகத் தமிழர் நாள் கொண்டாடும் தமிழ்நாடு அரசு, அயலகத் தமிழர் நலத் துறை வழியாக இந்த ஒரே ஒரு தகவலைப் பயணம் புறப்படும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அச்சடித்துக் கொடுக்கலாம். செலவு மிகக் குறைவு.

அதுவரை, இதைப் படிக்கும் அயல்நாட்டுப் பெற்றோருக்கு ஒன்று. பாஸ்போர்ட் கைக்கு வந்தால் போதும் என்று இருக்காதீர்கள். தூதரகம் தரும் பிறப்புப் பதிவுச் சான்றிதழையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். உங்கள் வீட்டிலோ பக்கத்து ஃபிளாட்டிலோ பதியப்படாத குழந்தை இருந்தால், முதல் பிறந்தநாள் வருவதற்குள் அழைத்துப் போங்கள். பிறந்தநாள் கடந்துவிட்டிருந்தாலும் தாமதத்துக்கான காரணத்தை எழுதி இந்த வாரமே விண்ணப்பத்தைக் கொடுங்கள்.